திருச்சி – தூத்துக்குடி: ஐம்பது நிமிடம்

சூசைநாதனின் அம்மா பிலோமினம்மாள் தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரொன்றில் சனிக்கிழமை விடியலில் இறந்துபோனாள். செய்தி சிங்கப்பூர்த் தொழிலாளர் விடுதிக்கு வந்தபோது அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். அழுவதா, வாய் கொப்பளிப்பதா என்று தெரியவில்லை. வரிசையில் பின்னால் ஆறு பேர் நின்றதால் கொப்பளித்தான்.

அக்கா ஜெசிந்தா போனில் ஒரு பாட்டம் அழுதுவிட்டுக் காரியத்துக்கு வந்தாள். "ஏல சூச, நாளைக்குச் சாயங்காலம் கோயில்ல திருவிழாக் கொடியேத்தம். அதுக்கு முன்ன அடக்கம் முடிஞ்சிரணும்னு பங்குச்சாமி சொல்லிட்டாரு. நீ முகம் பாக்காம பெட்டிய மூட முடியுமா? எத்தன மணிக்கு வருவ?"

பக்கத்துக் கட்டில் சுரேந்தர் டிப்ளமா படித்தவன். ஆகவே கேட்காமலே பதில் சொல்லும் உரிமை அந்த அறையில் அவனுக்கு மட்டும் உண்டு. கைப்பேசியைத் தட்டினான். "காலை ஃபிளைட்ல மத்தியானம் திருச்சி. அங்கேருந்து தூத்துக்குடி இருநூத்தி முப்பத்தொம்பது கிலோமீட்டர். ஃபிளைட் டைம் அம்பது நிமிஷம். மூணு மணின்னு சொல்லுண்ணே."

சொன்னான். கொஞ்ச நேரத்தில் கோயில் ஒலிபெருக்கியும் அதையே ஊருக்குச் சொன்னது.

மத்தியானம் லிட்டில் இந்தியாவில் டிக்கெட் எடுக்கப் போனார்கள். ஏஜென்ட் அப்துல் அலீம் கைப்பேசியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார்.

"அந்த ரூட்ல பிளேனே இல்ல லா."

"டைம் போட்டிருக்கே பாய்?"

"பறந்தா எவ்வளவு நேரம்னு போட்டிருக்கான். பறக்குதுன்னா போட்டிருக்கான்?"

சுரேந்தர் பக்கத்தை அடிவரை உருட்டிப் பார்த்தான். போடவில்லை. ஒரு விமானப் படம் மட்டும் இருந்தது.

"திருச்சியிலேருந்து கார்தான். நாலு மணி நேரம் ஆயிரும். மதுரைக்கு நேரா ஒரு சீட் காலையில இருந்துச்சு. இப்ப அதுவும் போச்சு, சென்னை வழியும் ஃபுல்லு."

காலையில் அவர்கள் ஐம்பது நிமிடத்தை நம்பி நிம்மதியாகப் பரோட்டா தின்றுகொண்டிருந்தார்கள்.

சூசைநாதன் அக்காவை அழைத்து விஷயத்தைச் சொன்னான். போன் கைமாறிக் கோயில் உபதேசியாரிடம் போனது.

"தம்பி, நாங்களும் நெட்ல பாத்தோம். அம்பது நிமிஷம்தான். சாமியே பாத்துட்டாரு."

"அது இல்லாத பிளேன், உபதேசியாரே."

"இல்லாத பிளேனுக்கு எவனாச்சும் டைம் போடுவானா? வர மனசில்லன்னா நேரா சொல்லிரும்."

"கொடியேத்தத்த ஒரு ரெண்டு மணி நேரம் தள்ளி..."

"பிஷப் வாராரு தம்பி."

போன் திரும்பவும் அக்காவிடம் வந்தது. "பொய் சொல்லாதல. அம்மா கெடக்கா" என்றாள். வைத்துவிட்டாள்.

சுரேந்தர் சுவரில் இருந்த காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தான். அது போன வருடத்தது.

"திருச்சிக்கே போடுங்க பாய்" என்றான் சூசைநாதன்.

"அடக்கத்துக்குப் போய்ச் சேர மாட்டீங்களே."

"தெரியும்."

மறுநாள் மூன்று மணிக்கு வாடகைக் கார் மேலூர் டோல்கேட்டில் நின்றது. அக்கா அழைத்தாள்.

"எங்கல நிக்க? சாமி வந்துட்டாரு."

"மேலூரு."

மேலூர் மதுரைக்கும் அந்தப் பக்கம் என்பது அக்காவுக்குத் தெரியும்.

"நெசமாவே பிளேன் இல்லியால?"

"இல்லக்கா."

"மூடச் சொல்லட்டா?"

"சொல்லு."

பெட்டியில் ஆணி அடித்து முடியும்வரை அவள் போனை வைக்கவில்லை. அவனும் வைக்கவில்லை.