வெயிலில் வைத்த செவுள்

என் வீட்டுக்காரர் சடையப்பனுக்குக் கெட்ட எண்ணம் என்று ஒன்று கிடையாது. மரக்காணத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கெட்டவராக இருந்திருந்தால் வாய்க்கு வந்தபடி ஏசிவிட்டு ஆறிப்போயிருப்பேன். நல்லவரை ஏச வாய் வரமாட்டேன் என்கிறது. அதுதான் எனக்கு எரிச்சல்.

எழுபத்தைந்தாம் வருஷம் சித்திரையில் எங்கள் ஊர் உப்பேரியான கழிவெளியில் மீன் செத்து மிதந்தது. புதிதாக வந்த கெமிக்கல் கம்பெனி குழாய் போட்டுத் தன் கழிவை அந்தத் தண்ணீரில்தான் விட்டுக்கொண்டிருந்தது. அதே தண்ணீரில் இடுப்பளவு இறங்கி, கையால் துழாவி, இறால் பிடித்துப் பறிக்கூடையில் போடுகிறவள் நான். வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. மழை தொடங்கினால் அதுவும் இல்லை. அந்த மாதங்களில் எங்கள் அடுப்பு எரிந்தது என் இறாலால்தான். குழாயை மூடச் சொல்லி கலெக்டர் ஆபீஸில் என் பேரில் மனு கொடுத்தோம். கோடை வந்தால் மீன் சாகத்தான் சாகும், எங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றது கம்பெனி. விசாரணைக்கு நாள் குறித்து, சாட்சி கொண்டு வா என்றார்கள். செத்த மீனா வந்து சாட்சி சொல்லும்?

சொல்லும் என்றாள் சுலோசனா. கழிவெளியை ஆராய மெட்ராஸ் காலேஜிலிருந்து வந்து, உப்புக் கிடங்கை ஒட்டிய அறையில் தங்கியிருந்த பெண். செத்து நாறியது உதவாது, உயிர் ஊசலாடுகிற மீனாக வேண்டும் என்றாள். விடிந்தும் விடியாமலும் ஓடி, வாயைப் பிளந்துகொண்டிருந்த மடவை மீன்களைக் குடத்தில் அள்ளி வந்தேன். அவள் செவுளை அரிசியளவு நறுக்கி மருந்தில் ஊறப்போட்டாள். பிறகு ஒவ்வொரு துண்டையும் மாத்திரைக் கூடு மாதிரி ஒரு சின்னக் கூட்டுக்குள் வைத்து, தண்ணீர் போன்ற ஒரு பிசினை ஊற்றினாள். நெடி மூக்கைத் துளைத்தது. நீல விளக்கு ஒன்றின் வெளிச்சத்தில் கிடந்தால் அது மெல்ல மெல்லக் கண்ணாடியாக இறுகுமாம். இறுகியதை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்களாம்.

"விஷம் பட்டிருந்தா செவுள்ல அதுக்குன்னு ஒரு அடையாளம் இருக்கும்க்கா. யாராலயும் மறைக்க முடியாது" என்றாள்.

அந்த வார்த்தையைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரருக்கு அவள் அறைதான் கோயில். வேலை முடிந்ததும் அங்கே போய்விடுவார். விளக்கும் கூடுகளும் இருந்த பெட்டியின் அடியில் ஐஸ் கொட்டியிருந்தது. இது எதனால் இறுகுகிறது என்று அவர்தான் கேட்டார். "வெளிச்சத்தாலதான்ணா. வெயில்லகூட அந்த வெளிச்சம் இருக்குது" என்று அவளும் சொல்லி வைத்தாள்.

ஒரு நாள் மத்தியானம் கரண்ட் போய்விட்டது. ஐஸும் கரைந்துகொண்டிருந்தது. ஐஸ் வாங்கத் திண்டிவனத்துக்கு பஸ் ஏறும்போது அவள் அவரிடம், "கரண்ட் வந்தா விளக்கு மட்டும் போடுங்கண்ணா, வேற எதையும் தொட்டுடாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

கரண்ட் வரவில்லை. தெற்கே வானம் கறுத்தது. உப்பளத்துக்காரன் பயப்படுவது ஒன்றே ஒன்றுக்குத்தான்: பாத்தியில் நீர் உப்பாகக் கட்டுவதற்குள் மேகம் வந்துவிடக்கூடாது. பெட்டியைத் திறந்து பார்த்தாராம். பிசின் இன்னும் கஞ்சித்தண்ணியாகக் கிடந்ததாம். இருக்கிற வெயிலும் போய்விடப்போகிறது என்று பதறி, கூடுகள் எல்லாவற்றையும் ஒரு தகரத்தில் பரப்பி, வரப்பு மேல் கொண்டுபோய் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் எல்லாம் கட்டிவிட்டது. நான் போனபோது பெண்டாட்டி பிள்ளை பெற்ற மாதிரி சிரித்துக்கொண்டு நின்றார். அன்றைக்கு மழையும் பெய்யவில்லை, பாழாய்ப்போன மேகம்.

சுலோசனா திரும்பி வந்து ஒரு கூட்டை எடுத்துப் பார்த்தாள். உள்ளே முழுக்கக் குமிழி. செவுள் வெந்து சுருண்டிருந்தது. ஐஸை அப்படியே கீழே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள்.

"சூடு ஏறக்கூடாதுண்ணா! அதுக்குத்தானே ஐஸு!"

"சூடு ஏறாம எதும்மா கட்டும்?" என்றார் இவர். கிண்டல் இல்லை, மெய்யாகவே கேட்டார்.

மறுபடி எடுக்க மீன் இல்லை. அதற்குள் கழிவெளியில் இருந்தது எல்லாம் செத்து ஒதுங்கிவிட்டது. வேறு சாட்சி இல்லாததால் விசாரணைக்கு அதையேதான் கொடுக்கவேண்டி வந்தது. இறுகும்போது சூடு பட்டுவிட்டது, இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது என்று அவள் ரிப்போர்ட்டில் ஒளிக்காமல் எழுதியிருந்தாள். செவுளில் சூட்டுக் காயம் என்று அவள் எழுதிய ஒரு வரியை மட்டும் கம்பெனி வக்கீல் உரக்கப் படித்தார்.

"வெயில்ல தண்ணி சூடாகி மீன் வெந்திருக்குது. நாங்க சொல்லலைங்க ஐயா, இவங்க சாட்சியே சொல்லுது."

அப்போதுதான் என் வீட்டுக்காரர் எழுந்தார். அதிகாரி முன்னால் வாயே திறக்காத மனுஷன். துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மீனு வெயில்ல வேகலீங்க. அறுத்த செவுளைத்தான் நான் வெயில்ல வெச்சிட்டேன்" என்றார்.

"நீ யாருப்பா?"

"மனு குடுத்தவ புருஷனுங்க."

யாரோ சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. "அப்போ சாட்சியைக் கெடுத்ததே மனுதாரர் ஆளுங்கதானா?" என்று கேட்டு, மனுவைத் தள்ளிவிட்டார். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்பார்களே, அதைக் கண்ணால் பார்த்தேன். ஆனாலும் அந்தச் சபையில் உண்மை பேசியவர் என் வீட்டுக்காரரும் அந்தப் பெண்ணும் மட்டும்தான். அந்த இரண்டு உண்மையும் சேர்ந்துதான் எங்களைக் கவிழ்த்தது.

பஸ் நிற்கிற இடத்தில் அவர் தள்ளிப் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சுலோசனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"மனசை விட்டுடாதீங்கக்கா. அடுத்த தடவை மீன் சாகறப்போ உடனே ஆள் அனுப்புங்க. நானே வந்து எடுக்கறேன்."

"சாகறதுக்கு மீன் எங்கம்மா இருக்குது?" என்றேன்.

அவள் என் கையை விட்டாள்.