நாலாவது மைக்ரோமீட்டர்

எங்கள் வீட்டுக்காரர் டேரிலுக்கு எந்த மைக்ரோமீட்டரும் பிடிக்கவில்லை. பெண் பார்க்கக் கிளம்பிய மாப்பிள்ளை மாதிரி ஒவ்வொன்றிலும் ஒரு குறை சொல்லித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார். ஒன்றில் திருகு இறுக்கமாம். ஒன்றில் அளவுக்கோடு மங்கலாம். மூன்றாவது வந்த அன்றே எனக்குப் பொறுமை போய்விட்டது.

லிங்கராஜபுரத்தில் எங்களுடையது சின்ன வீடு. முன்னறையில் நான் ஜாக்கெட் தைக்கிறேன். பின்னால் துணி துவைக்கிற இடம் முழுக்க அவருடைய பழைய புல்லட்டின் எஞ்சின் பிரித்துப் போடப்பட்டுக் கிடக்கிறது. கல்யாணமான புதிதில் அந்த வண்டியில்தான் வேளாங்கண்ணிக்குப் போனோம். பிறகு பிள்ளைகள், பள்ளிக்கூடம், பஸ் என்று வாழ்க்கை போக, வண்டி படிக்கட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. ஃபேக்டரியில் முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு வந்ததும் அவர் தொட்ட முதல் வேலை இதுதான்.

"செப்டம்பர் திருவிழாவுக்கு இதுலதான் போறோம் மௌரீன். டிக்கெட் கிக்கெட் எதுவும் போடாத."

நானும் போடவில்லை.

பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு ஃபேக்டரியில் இன்ஸ்பெக்ஷனில் இருந்தவர். செய்து வருகிற பாகங்களை அளந்து, இது சரி, இது குப்பை என்று சொல்வதுதான் வேலை. அங்கே அவர்களுக்குள் ஒரு முறை உண்டு. ஒரே பாகத்தை இரண்டு பேர் தனித்தனியாக அளப்பார்கள். அளவை வாயைத் திறந்து சொல்லமாட்டார்கள். பிறகு ஒருவர் ஒன்று, இரண்டு, மூன்று என்பார். மூன்று என்றதும் இருவரும் ஒரே நேரத்தில் நம்பரைச் சொல்லவேண்டும்.

"முன்னாடி ஒருத்தன் சொல்லிட்டா, பின்னாடி அளக்கறவன் கண்ணு அந்த நம்பரையேதான் தேடும்" என்பார். வீட்டில் திரைச்சீலைக்குத் துணி எடுக்கக்கூட ஜன்னலை இப்படித்தான் அளந்திருக்கிறோம். டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று. பக்கத்து வீட்டு அம்புஜம் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

எஞ்சின் விஷயத்தில் மட்டும் சிரிக்க முடியாது. அதையும் அவர்தான் எனக்குச் சொன்னார். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓட ஒரு தலைமுடி அகலம்கூட இல்லாத இடைவெளி விடவேண்டுமாம். அது இன்னும் குறைந்தால், சூட்டில் பிஸ்டன் விரிந்து சிலிண்டரில் இறுகிக்கொள்ளும். ஓடுகிற வண்டியின் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும்.

"ஹைவேல அப்படி நின்னா நாம ரெண்டு பேரும் லாரிக்கு அடியிலதான்" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை.

சிலிண்டரைக் கடைந்து கொடுக்கிறவர் தொம்மலூர் ஃபிராங்க்ளின். பிஸ்டனைத் தன்னிடம் கொடுத்துவிட்டால் தானே அளந்துகொள்கிறேன் என்று அவர் போனில் எவ்வளவோ சொன்னார். டேரில் கேட்டால்தானே. "பிஸ்டன் அளவு நான் சொல்றேன். நீ அதுக்கேத்த மாதிரி கடைஞ்சு குடு" என்று வைத்துவிட்டார். ஆக, எல்லாம் இவர் சொல்லப்போகிற அந்த ஒரு நம்பரில்தான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க ஏற்ற ஒரு கருவிதான் கிடைக்கவில்லை.

முதலில் நம்பர் காட்டுகிற டிஜிட்டல் வெர்னியர் ஆன்லைனில் வந்தது. தச்சுவேலைக்குத்தான் லாயக்கு என்று தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு எஸ்.பி. ரோட்டில் ஸ்ரீகண்டன் கடை மைக்ரோமீட்டர்கள். ஒவ்வொரு பெட்டியிலும் சுண்டுவிரல் தடிமனில் ஒரு இரும்புத் துண்டு வரும். அதன் நீளம் சரியாக ஐம்பது மில்லிமீட்டர். அதை நடுவில் வைத்துத் திருகினால் கோடு பூஜ்யத்தில் நிற்கவேண்டும். நின்றால் கருவி சரி. இவருக்கு ஒரு தடவை நின்றது, அடுத்த தடவை நிற்கவில்லை. கடைசியில் அந்த இரும்புத் துண்டையே சந்தேகப்பட ஆரம்பித்துவிட்டார்.

"துண்டே தப்பு. இதை வெச்சு என்னத்த பாக்கறது?"

"உங்களுக்கு எதுதான் சரி? குடுங்க, நானே போய் மூஞ்சில விட்டெறிஞ்சிட்டு வரேன்" என்று மூன்றாவது பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

ஸ்ரீகண்டன் கோபப்படவில்லை. பெட்டியைத் திறந்து, துண்டை வைத்து, அளந்தான். பூஜ்யம். எடுத்தான், வைத்தான், மறுபடி பூஜ்யம். கடைக்கு வந்திருந்த வேறொருவரைக் கூப்பிட்டு அளக்கச் சொன்னான். அதுவும் பூஜ்யம்.

"ஃபர்ஸ்ட் திரும்பி வந்த ரெண்டும் இப்படித்தான் மேடம். எதுலயும் தப்பு இல்ல. இதை நேரா புடிக்கணும், ஸ்வல்ப சாஞ்சாலும் மாத்தி மாத்தி காட்டும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "தப்பா நினைக்காதீங்க. போன தடவை சார் இங்க நின்னு பேசிட்டிருந்தப்போ பாத்தேன். வலது கை இப்படிப் போயிட்டே இருந்தது. எங்க மாமாவுக்கும் நடுக்க வியாதி இப்படித்தான் ஸ்டார்ட் ஆச்சு."

அவன் கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் மேல் வைத்து மெதுவாக உருட்டிக் காட்டினான்.

அந்த உருட்டலை நான் எத்தனை மாதமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். டிவி பார்க்கும்போது, பூசையில் பிரசங்கம் கேட்கும்போது, சோபாவில் கண்ணை மூடிச் சாய்ந்திருக்கும்போது அவருடைய வலது கை அதைத்தான் செய்துகொண்டிருந்தது. ஜெபமாலை மணி உருட்டுகிறார் என்று நினைத்தேன். கையில் மாலை இல்லாவிட்டால் என்ன, மனதுக்குள் சொல்கிறார் என்று நினைத்தேன். கோயிலுக்கே இழுத்துக்கொண்டு போகவேண்டிய மனுஷன் இந்த வயதில் இப்படி மாறிவிட்டாரே என்று மாதாவுக்கு மெழுகுவர்த்தி வேறு ஏற்றி வைத்தேன். முட்டாள், வடிகட்டிய முட்டாள்.

ஸ்ரீகண்டன் ஒரு ஸ்டாண்டை எடுத்துக் காட்டினான். மைக்ரோமீட்டரை அதில் மாட்டிவிட்டால் கையில் பிடிக்கவேண்டாம், ஆடாது. "இருந்தா சாருக்கு ஈசி" என்றான். வேண்டாம் என்றேன். அதை வீட்டுக்கு எடுத்துப்போனால் நான் எதுவும் சொல்லவேண்டியதில்லை, அதுவே எல்லாவற்றையும் சொல்லிவிடும். நாலாவது மைக்ரோமீட்டரை மட்டும் மாற்றி வாங்கிக்கொண்டேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். மழை தூறிக்கொண்டிருந்ததால் யாரும் கவனிக்கவில்லை.

வீட்டுக்கு வந்தால் மனுஷன் வாசலிலேயே நிற்கிறார். பெட்டியை வாங்கி விளக்கடியில் வைத்துத் திறந்து, "இது நல்லா இருக்கு மௌரீன், பாரு, வெயிட்டே வேற" என்றார். நாலும் ஒரே கம்பெனி, ஒரே மாடல்.

சொல்லிவிடலாம் என்றுதான் வந்தேன். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எப்படிச் சொல்வது? சொல்லாமலும் விடமுடியாது, தப்பான நம்பர் தொம்மலூருக்குப் போய்விடும்.

"நானும் அளக்கறேன், உங்க ஃபேக்டரி முறைல" என்றேன்.

"ஜன்னல் இல்லடி இது" என்று சிரித்தார். ஆனாலும் பிடிக்கும் விதத்தைக் காட்டினார். பிஸ்டனை மேஜையில் நிறுத்தி, கருவியின் இரண்டு முனையும் அதன் அகலமான இடத்தில் நேருக்கு நேர் நிற்க, கடைசித் திருகைக் கடக், கடக் என்று சத்தம் வரும்வரை திருப்பவேண்டும். ஊசியில் நூல் கோத்தே காலம் தள்ளிய கை என்னுடையது. அது ஆடவில்லை. நம்பரைப் பார்த்துக்கொண்டு, திருகைத் தளர்த்தி அவரிடம் கொடுத்தேன்.

அவர் எடுக்கும்போது கை நன்றாகத்தான் இருந்தது. பிஸ்டனில் வைத்துப் பிடித்து நிறுத்தினாரே, அப்போதுதான் மெல்ல ஆரம்பித்தது. முனை நடுவிலிருந்து நழுவுவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அகலமான இடத்தை விட்டு நழுவினால் பிஸ்டன் சிறியதாகத் தெரியும். அதை நம்பி ஃபிராங்க்ளின் சிலிண்டரையும் சிறியதாகக் கடைவார்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு."

"எழுபது பாயிண்ட் நாலு நாலு" என்றேன் நான். "எழுபது பாயிண்ட் மூணு எட்டு" என்றார் அவர்.

"உனக்குப் பழக்கமில்ல. மறுபடி அள."

மறுபடி அளந்தேன். மறுபடி நாலு நாலுதான் வந்தது. அவர் நாலு ஒன்று என்றார். இந்தத் தடவை அவர் என்னைத் திட்டவில்லை. கருவியைத் திட்டவில்லை. துணியால் பிஸ்டனைத் துடைத்தார், விரலைத் துடைத்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பொய் சொல்லலாமா என்று அப்போது நினைத்தேன், ஒளிப்பானேன். ஆனால் ஒரே நேரத்தில் சொல்லும்போது எந்த நம்பருக்கென்று பொய் சொல்வது? சொன்னாலும் அந்தப் பொய்யின் மேல் உட்கார்ந்துதானே இருவரும் ஹைவேயில் போகவேண்டும்.

மூன்றாம் முறை நான் அளந்தேன். அவர் வெகுநேரம் எடுத்துக்கொண்டார். இடது கையால் வலது மணிக்கட்டை அழுத்திப் பிடித்துப் பார்த்தார். பிறகு தலையைத் தூக்காமலே எண்ணினார்.

"ஒண்ணு. ரெண்டு. மூணு."

"எழுபது பாயிண்ட் நாலு நாலு."

என் குரல் மட்டும்தான் கேட்டது.

பக்கத்து வீட்டில் யாரோ குக்கர் விசிலை வாய்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர் மைக்ரோமீட்டரைக் கீழே வைத்தார்.

"எப்பத்துலேர்ந்து தெரியும் உனக்கு?"

"இன்னிக்குத்தான். ஸ்ரீகண்டன் சொன்னான்."

"எனக்குப் போன கிறிஸ்துமஸ்லேர்ந்தே தெரியும்" என்றார். "ஏதாவது ஒரு டூலாவது தப்பா இருக்கும்னு பாத்தேன் மௌரீன். ஒண்ணே ஒண்ணு தப்பா இருந்தா போதும்னு இருந்தது."

அவரைத் திட்டியதெல்லாம் திரும்பி வந்து என் மேலேயே விழுந்தது.

அவரே போனை எடுத்து ஃபிராங்க்ளினைக் கூப்பிட்டார். "எழுபது பாயிண்ட் நாலு நாலு, எழுதிக்கோ." அந்தப் பக்கம் என்னவோ கேட்டிருக்கவேண்டும். "நான் இல்லப்பா. எங்க வீட்டுல அளந்தாங்க. நம்பிக் கடை" என்றார். மைக்ரோமீட்டரைப் பெட்டியில் வைத்து மூடி, கொக்கியை மாட்டப் பார்த்தார். அது மாட்டவில்லை. நான் உதவிக்குப் போகாமல் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒருவழியாக மாட்டினார். வண்டி இனி ஓடும். யார் ஓட்டுவது என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று மாலை ஜெபத்தில் மாலையை நான் வைத்துக்கொண்டு, என் மறு கையால் அவருடைய வலது கையைப் பிடித்துக்கொண்டேன். என் உள்ளங்கைக்குள் அந்த விரல் உருட்டிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு மணிக்கும் சொல்கிற மந்திரத்தின் முதல் பாதியை அவர் தெளிவாகச் சொல்லி முடித்துவிட்டு, மறு பாதிக்காகக் காத்திருந்தார். அது என் முறை. மணியை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன்.