தேய்த்தாலும் போகாத பெயர்

தோள்பட்டை இற்று விழுந்துவிடும்போல இருந்தது அண்ணனுக்கு. காலையிலிருந்து மின்சாரக் கெட்டில் பெட்டிகளைச் சுமந்து லாரியில் அடுக்கியிருந்தார். ஐரோப்பாவுக்கு முதல் ஆர்டர். இருட்டுவதற்குள் லாரி துறைமுகத்தில் நிற்காவிட்டால் கப்பல் போய்விடும், கூடவே ஆர்டரும்.

அந்த நேரம் பார்த்துத்தான் பட்டறையை நடத்தும் தங்கச்சி ஒரு பெட்டியைப் பிரித்துக் கெட்டிலைக் கவிழ்த்தாள். அடியில் லேபிள்: ஐரோப்பாவில் விற்கத் தேவையான சி.இ. முத்திரை, வோல்ட், வாட், பட்டறையின் பெயர், அங்கே இறக்குமதி செய்பவரின் முகவரி. ஈரத்துணியால் தேய்த்தாள், அசையவில்லை. ஸ்பிரிட் துணியால் தேய்த்தாள். லேபிள் வழுக்கிக்கொண்டு கையோடு வந்துவிட்டது.

"எல்லாத்தையும் இறக்குங்க."

அண்ணனுக்குச் சுர்ரென்று ஏறியது. "ஒரு ஸ்டிக்கருக்காகக் கப்பலை விடுவியா? நாற்காலி கெடைச்சதும் கொழுப்பு ஏறிடுச்சுடி உனக்கு!"

பட்டறை மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. அவள் குரலை உயர்த்தவில்லை.

"அடியில எதைப் போட்டுண்ணா துடைச்ச?"

"பாலிஷ் மெழுகுதான். அடியும் பளபளன்னு இருக்கட்டுமேன்னு..."

"மெழுகு மேல லேபிள் நிக்குமாண்ணா? கெட்டிலோட அடியை யாரு பாப்பாங்க?"

"எறும்பு பாக்கும்க்கா," என்றாள் பேக்கிங் பெண்ணொருத்தி. சிரிப்பு கிளம்பியது.

தங்கச்சியும் சிரித்துவிட்டாள். "ஷாக் அடிச்சா மனுஷங்களும் பாப்பாங்க. எவன் செஞ்சான்னு தேடுவாங்க. பேரு உரிஞ்சு போயிருந்தா நாம தப்பிச்சோம். தப்பிக்கிறதுக்காண்ணா லேபிள் ஒட்டுறோம்?"

அண்ணன் தானே லாரியில் ஏறி முதல் பெட்டியை இறக்கினார்.

அவர் லேபிளை உரிக்க, தங்கச்சி தரையில் சம்மணமிட்டு மெழுகைத் துடைக்க, பெண்கள் புதிதாக ஒட்டினார்கள். "கெட்டிலுக்கா, கல்யாணப் பொண்ணுக்காம்மா இந்த அலங்காரம்?" என்று டிரைவர் முனகினார். ஸ்பிரிட் பட்டுப் பட்டு அவள் விரல்கள் வெளுத்துச் சுருங்கின. யாரையும் ஏவாமல், பெட்டிக்கு ஒரு கெட்டிலை எடுத்துத் தானே தேய்த்துப் பார்த்தாள். கடைசிப் பெட்டியின் கெட்டிலை அண்ணன் தேய்த்தார். முழு பலத்தையும் கொடுத்தார். ஓர் எழுத்துகூட நகரவில்லை. இப்படியொருத்தி கூடப் பிறந்திருக்கிறாளே என்று நெஞ்சு நிமிர்ந்தது.

இருட்டுவதற்குள் துறைமுகம் போய்ச் சேரும் நேரத்திலேயே லாரி கிளம்பியது.

பட்டறையே கேட்க அவளைத் திட்டியவர், பட்டறையே கேட்க மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். இன்னும் கேட்கவில்லை.