கூலர் தண்ணீர்

டெல்லி வெயிலைப் பற்றி டெல்லிக்கே வராதவர்களிடம் சொல்லிப் புரியவைக்க முடியாது. மே மாதம் பத்து மணிக்கெல்லாம் லூ என்கிற அனல்காற்று கிளம்பிவிடும். கொடியில் துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் துணியும் காய்ந்துவிடும், முகமும் காய்ந்துவிடும். அந்த வெயிலில், மாடி பால்கனியில், தொட்டிக்குள் இருக்கும் ஒரு மல்லிச் செடியைப் பிழைக்கவைத்தே தீருவேன் என்று அம்சவேணி ஒற்றைக்காலில் நின்றாள்.

காரணம் இருந்தது. அவள் மகள் மதுமதி வைத்த செடி அது. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு அப்பளமும் புளியும் வாங்கப் போனவள், வாசலில் செடி விற்றவனோடு அரைமணி நேரம் பேரம் பேசி வாங்கி வந்தாள். "அடுத்த வெயிலுக்குப் பூத்துடுமாம்மா" என்றாள். அடுத்த வெயிலுக்கு அவள் இல்லை. தொண்ணூற்றாறு அக்டோபரில் ஊரெல்லாம் டெங்கு, அவளுக்கும் வந்தது. ஆஸ்பத்திரியில் கட்டில் கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துபோனது. காலேஜில் இரண்டாவது வருஷம் படித்துக்கொண்டிருந்த பெண். பாழாய்ப்போன காய்ச்சல்.

அதற்கப்புறம் சரோஜினி நகரில் அந்தக் குவார்ட்டர்ஸில் காய்ச்சல், கொசு என்கிற வார்த்தைகளை யாரும் வாயெடுத்துச் சொல்வதில்லை. அம்சவேணி சொல்லவில்லை, அவள் புருஷன் பரமசிவமும் சொல்லவில்லை. அவருக்கு ஆபீஸ் உண்டு, சாப்பாடு உண்டு, தூக்கம் உண்டு. ஊரிலிருந்து யாராவது கூப்பிட்டால் "நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிடுவார். பேச வேண்டியதைப் பேசாமல் இருப்பதில் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவருக்கொருவர் சளைத்தவர்கள் இல்லை.

ஏப்ரல் கடைசியில் செடியில் மொட்டு கட்டியது. நெல்மணி அளவில் நாலைந்து. முதல் பூவை மதுமதி படத்துக்கு வைக்க வேண்டும். அம்சவேணிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான். சாமியிடம்கூட அவள் வேறு எதுவும் கேட்கவில்லை.

சிமெண்ட் தரையின் சூடு வேருக்கு ஏறக்கூடாதென்று தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்தாள். மண்மேல் தேங்காய் நார் பரப்பினாள். மேற்கு வெயில் விழும் பக்கம் பழைய காட்டன் புடவையை இரண்டாக மடித்துக் கட்டினாள். நடுப்பகலில் தண்ணீர் விட்டால் செடி வெந்துவிடும் என்று கீழ்வீட்டு பஞ்சாபி அம்மா சொன்னாள், அதையும் கேட்டுக்கொண்டாள். ஆனால் தண்ணீருக்கு எங்கே போவது? குழாயில் காலையில் ஒரு மணி நேரம் வந்தாலே பெரிய விஷயம். அதனால் கூலர் தண்ணீர். அடியில் தண்ணீர் நிரப்பி ராத்திரி முழுக்க ஓட்டிய ஜன்னல் கூலரில் மிஞ்சியதை, பரமசிவம் எழுந்திருக்கும் முன்பே மொண்டு வந்து செடிக்கு ஊற்றுவாள், இலைமேலும் தெளிப்பாள். டெல்லியில் யார்தான் இப்படிச் செய்யவில்லை?

இலை ஓரம் கருகியது. சண்டாள வெயில் என்று திட்டிக்கொண்டே இன்னொரு புடவை கட்டினாள், இன்னும் இரண்டு கை அதிகமாகத் தெளித்தாள். மறுநாள் நடு இலையும் கருகியது. அப்புறம் மொட்டுகள் ஒவ்வொன்றாகப் பழுத்து உதிர ஆரம்பித்தன. அவள் கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்ளப் பார்த்துக்கொள்ள, செடி காய்ந்துகொண்டே போனது. ஒரே ஒரு மொட்டு மட்டும் பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கிளம்பியவள், தலைவலி தாங்காமல் பாதி வழியில் திரும்பிவிட்டாள். உள்ளே வந்தால், கூலரின் பக்கத்து வெட்டிவேர்த் தட்டியைக் கழற்றி வைத்துவிட்டு பரமசிவம் ஒரு பாட்டிலைச் சாய்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க அது?"

"ஒண்ணுமில்ல. நீ போய்ப் படு."

"மண்ணெண்ணெய் வாடை அடிக்குது."

அவர் பாட்டிலை மூடினார். "ரெண்டு மூடிதான். வாராவாரம் ஊத்தச் சொல்லி பேப்பர்ல போட்டிருந்தான். நீ கோயிலுக்குப் போறப்ப ஊத்திருவேன்."

"எதுக்கு?"

அவர் தட்டியை எடுத்துத் திரும்ப மாட்டினார். "கொசு முட்டை வைக்காம இருக்கத்தான்."

அம்சவேணி கூலருக்குள் எட்டிப் பார்த்தாள். வெட்டிவேர் தட்டி வாசனைக்கு நடுவே எண்ணெய் வாடை லேசாக வந்தபோதெல்லாம் பக்கத்து வீட்டு ஸ்டவ் என்று நினைத்திருந்தாள். எண்ணெய் மிதக்கும், அவள் மேலாக மொண்டாள்.

"அந்தத் தண்ணியத்தாங்க நான் செடிக்கு ஊத்துறேன்" என்றாள்.

பரமசிவத்தின் முகம் வெளுத்துவிட்டது. பிரிஜ்ஜிலிருந்த குடிதண்ணீர் பாட்டில்களை எல்லாம் எடுத்துக்கொண்டு பால்கனிக்கு ஓடினார். கையாலேயே மேல்மண்ணைத் தோண்டிப் போட்டார். துண்டை நனைத்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தார். துடைத்த இலை துண்டோடு வந்தது. கடைசி மொட்டும் அப்படித்தான் வந்தது.

அதைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. இத்தனை மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வைத்திருந்தது.

"இதைப் போன வருஷம் ஊத்தியிருந்தா எம்பொண்ணு இருந்திருப்பா."

சொன்னவுடனே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை. கோபப்படவில்லை.

"ஆமா" என்றார். "ஒவ்வொரு வாரமும் அதை நெனைச்சுக்கிட்டேதான் ஊத்துறேன், வேணி. போன வருஷம் அந்தக் கூலரை ஒரு தடவகூட நான் கழுவல."

பிறகு அந்த வெறும் குச்சியைத் துடைத்துக்கொண்டே அழுதார். யமுனைக்கரையில் நிகம்போத் சுடுகாட்டில் கொள்ளி வைத்தபோதுகூட அவர் அழுது அவள் பார்க்கவில்லை. அம்சவேணி பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகில் கை வைத்தாள். வெயில் ஏறி, தரை சுட ஆரம்பித்தது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

உங்க தப்பு இல்லைங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனுஷன் பிழைத்துக்கொள்வார். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் அவளுக்கு வாய் வரவில்லை.