ஒரு கஜம் பாக்கி

1

இந்தக் கதை ஒரு கம்பி வேலிக்குப் பக்கத்தில் கிடைத்தது. பெல்ஃபோர்ட் ஊரின் சின்ன விமானத் தளத்தை ஒட்டி, நவம்பர் மாத மதியத்தில், குளிரில் மூக்கைச் சிந்திக்கொண்டு நின்ற கூட்டத்தில் நானும் இருந்தேன். விமானத்தின் கதவு திறந்தது. அதுவரை கூவிக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் வாயடைத்துப்போனார்கள். நான் அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்துக்குக் குடிவந்து பாதி ஆயுள் போய்விட்டது. அப்படியொரு மௌனத்தை இங்கே கேட்டதில்லை. அதை மட்டும் எழுதத்தான் ஆசை. மௌனத்தை மட்டும் எழுதும் வழி தெரியாததால் கதையாக எழுதுகிறேன்.

உட்கார்ந்ததும் முதல் வாக்கியம் இப்படி வந்தது:

ஆர்டிஸ் க்ரெய்ச்சிக்குக் கால்பந்து* என்றால் உயிர், அவளுடைய

நிறுத்திவிட்டேன். ஆர்டிஸ் இதைப் படித்தால் சிரிப்பாள். அவளுக்குக் கால்பந்து என்றால் கவலை. தோற்றால் இந்த வாரத்துக் கவலை, ஜெயித்தால் அடுத்த வாரத்துக் கவலை. மைதானத்தில் அவளுக்குப் பின்வரிசையில் உட்காருகிறவன் நான். ஆட்டத்தைவிட அவளுடைய தோள்களைத்தான் அதிகம் பார்த்திருப்பேன். நம் ஆள் பந்தோடு ஓடும்போதெல்லாம் அவை காது வரைக்கும் ஏறும்.

(* அமெரிக்கக் கால்பந்து. பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். காலுக்கு வேலை குறைவு. இந்தக் கதையில் ஒரே ஒரு உதைதான் வருகிறது, எல்லாத் தொல்லையும் அதனால்தான்.)

2

நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

பெல்ஃபோர்ட் பல்கலைக்கழக அணிக்குக் கொக்குகள் என்று பெயர். பக்கத்து ஊர்க்காரர்கள் ஒற்றைக்காலில் நின்று காட்டிக் கேலி செய்வார்கள், அதற்கு நாங்கள் பழகிவிட்டோம். இந்த ஆண்டு தொடக்கத்திலேயே வரிசையாகத் தோற்றதில் தலைமைப் பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இந்த ஆட்டப் பருவம் முடியும்வரை பார்த்துக்கொள்ளட்டும் என்று அவருடைய உதவியாளர் ஹாலிஸ் டன்னை உட்கார வைத்தார்கள். தற்காலிகம். வாசலில் காவலுக்கு வைத்த நாற்காலி மாதிரி.

நாற்காலி ஜெயிக்கத் தொடங்கியது.

ஊருக்குத் தூக்கம் போனது அதற்குப் பிறகுதான். தோற்றிருந்தால் நன்றி சொல்லி அனுப்பிவிட்டு வேறு ஆளைத் தேடலாம். ஜெயிக்கிறவனை என்ன செய்வது? இதே பல்கலைக்கழகம் முன்பு ஒருமுறை இதே மாதிரி ஒரு தற்காலிக ஆளிடம் மயங்கி, ஆட்டம் முடிந்த சூட்டில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் நிரந்தரமாக்கியது. அப்புறம் வந்த வருடங்களைப் பற்றி இங்கே யாரும் சாப்பாட்டு நேரத்தில் பேசுவதில்லை. அதற்காக ஹாலிஸை விட்டுவிட்டு, அவர் வேறெங்காவது போய்க் கோப்பையைத் தூக்கினால்? அந்தப் பயமும் உண்டு. கடைகளில், தேவாலயத்து வாகன நிறுத்தத்தில், பல் பிடுங்கக் காத்திருக்கும் நாற்காலிகளில், இரண்டு பயங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் இருப்பவள் ஆர்டிஸ். வாயில் பஞ்சோடு வெளியே வருகிறவர்கள்கூட அவளிடம் நின்று கருத்துச் சொன்னார்கள். காரணம், அவள்தான் ரசிகர் மன்றத் தலைவி. பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் தலைவி பெவர்லி ஸ்ட்ரவுட் அவளைக் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை காலை போன் செய்வேன், ஹாலிஸை வைத்துக்கொள்வது பற்றி மன்றம் என்ன சொல்கிறது என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும் என்றிருந்தாள். மன்றம் கூடிப் பேசிப் பாதிக்குப் பாதி பிரிந்து, கடைசியில் ஆர்டிஸ் சொல்வதே மன்றத்தின் கருத்து என்று அவள் தலையில் கட்டிவிட்டுக் கலைந்தது.

3

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் வரைவில் ஆர்டிஸுக்கு மகள் கிடையாது. மகள் இல்லாமல் கதை சுத்தமாக ஓடியது. அதனாலேயே அதில் பொய் இருந்தது.

மகள் உண்டு. பெயர் மர்லீஸ். அவள் கணவன் ரீட், ஹாலிஸிடம் உதவிப் பயிற்சியாளன். வெளியிலிருந்து வரும் தலைமைப் பயிற்சியாளர் தன் ஆட்களோடுதான் வருவார், பழைய உதவியாளர்கள் பெட்டி கட்டுவார்கள். இந்தத் தொழிலில் அதை யாரும் கொடுமை என்று நினைப்பதுகூட இல்லை. மர்லீஸ் கல்யாணமான நாள்முதல் ஊர் ஊராகப் பெட்டி கட்டி, கடைசியில் பிறந்த ஊருக்கே திரும்பி, அம்மாவின் தெருவுக்கு அடுத்த தெருவில் வீடு பிடித்திருந்தாள். மார்ச்சில் பிரசவம். ஹாலிஸ் நிரந்தரமானால் அவர்கள் இருப்பார்கள். இல்லையென்றால் குழந்தை எந்த மாநிலத்தில் பிறக்கும் என்றே தெரியாது.

அப்படியானால் ஆர்டிஸ் ‘ஹாலிஸ்’ என்று சொல்லிவிட வேண்டியதுதானே என்பீர்கள். அவள் அந்த ஒரு உதையைப் பார்த்திருக்காவிட்டால் சொல்லியிருப்பாள்.

பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்புகள், அதற்குள் பத்துக் கஜம் முன்னேற வேண்டும். போன சனிக்கிழமை, கடைசி நிமிடங்களில், மூன்று வாய்ப்புகள் முடிந்து ஒரு கஜம் பாக்கி. துணிந்து மோதினால் அந்தக் கஜத்தை எடுத்துவிடலாம். தவறினால் பந்து அங்கேயே எதிரிக்குப் போகும். ஹாலிஸ் மோதச் சொல்லவில்லை. பந்தைத் தூர உதைத்து எதிரியிடமே கொடுத்தார். எதிரி அதைப் பிடிக்கத் தெரியாமல் நழுவவிட்டான், நம் பையன் ஒருவன் மேலே விழுந்து அமுக்கினான், பந்து நமக்கே திரும்பியது, ஜெயித்தோம். பக்கத்தில் இருந்தவர்கள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். ஆர்டிஸின் தோள்கள் இறங்கவேயில்லை. பயந்தவனைக் கண்டால் அவளுக்குத் தெரியும். பல் பிடுங்கப் பயந்தவர்கள் தினமும் அவள் மேசைக்கு முன்னால்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அதற்குப் பிறகு அவளுடைய மண்டைக்குள் நடந்ததை

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. வேறு விதமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.)

‘ஹாலிஸ் வேண்டாம்’ என்று தோன்றும்போது, மகளுக்காகப் பேசவில்லை என்று ஊருக்குக் காட்டத்தான் இப்படித் தோன்றுகிறதோ என்று சந்தேகம் வந்தது. ‘ஹாலிஸ் போதும்’ என்று தோன்றும்போது, இது அம்மாவின் குரல், ரசிகையின் குரல் இல்லை என்று தோன்றியது. தனக்குள் கால்பந்து தெரிந்த பெண் எங்கே முடிகிறாள், மர்லீஸின் அம்மா எங்கே தொடங்குகிறாள் என்று அவளுக்குப் பிரித்துப் பார்க்க முடியவில்லை. பாத்திரம் கழுவும்போது கைகளைத் தண்ணீரில் வைத்தபடியே வெகுநேரம் நின்றாள்.

4

வியாழக்கிழமை மதியம் டுவேன் பெட்டர்சன் மருத்துவமனைக்குள் போனை நீட்டிக்கொண்டு வந்தான். டயர் கடையை விற்றுவிட்டுச் சும்மா இருப்பவன். பயிற்சியாளர் தேடும் காலத்தில் இங்கே எல்லோரும் ஒரு வேலை செய்வார்கள்: பல்கலைக்கழகத்தின் சின்ன விமானம் எங்கே போகிறது, எங்கே இறங்குகிறது என்று போனில் பின்தொடர்வார்கள். அதில் டுவேனுக்கு இணை கிடையாது.

“விமானம் திரும்பி வருது, ஆர்டிஸ். கார்வர் ஊர்லேருந்து,” என்றான்.

கார்வர் என்பவர் இரண்டு மாநிலம் தள்ளிப் பெயர் வாங்கிய பயிற்சியாளர். மன்றத்தில் பாதிப் பேர் வேண்டிக்கொண்டிருந்தது அவரைத்தான்.

“அந்த ஊர்ல வேற ஆளே இல்லையா?” என்றாள் ஆர்டிஸ்.

“இருக்காங்க. அவங்களைக் கூட்டிட்டு வர யாரும் விமானம் அனுப்ப மாட்டாங்க. கோட்டை மாட்டிக்கிட்டுக் கிளம்பு.”

வதந்தியை அடக்கத்தான் விமானத் தளத்துக்குப் போனாள் என்று முதலில் எழுதினேன். அது அவளைக் காப்பாற்ற எழுதியது. கார்வரின் முகத்தை ஒருமுறை நேரில் பார்த்தால் தனக்கு விடை தெரிந்துவிடும் என்று நம்பித்தான் போனாள்.

வேலியோரம் வண்டிகள் வரிசையாக நின்றன. யாரோ பெரிய பாத்திரத்தில் மாட்டிறைச்சியும் பீன்ஸும் போட்ட சில்லி கொண்டுவந்திருந்தார்கள், தொட்டுக்கொள்ள இலவங்கப்பட்டை ரொட்டி. பள்ளி வாத்தியக் குழுவிலிருந்து ஒரு டிரம்பெட்காரன் வந்து ஊதிக்கொண்டிருந்தான். விமானம் தரையில் ஓடி வரும்போது டுவேன் தன் கையிலிருந்த அட்டையை ஆர்டிஸிடம் திணித்தான். படம் எடுக்கக் கை வேண்டுமாம். “ஒரு நிமிஷம் பிடி,” என்றான். அட்டையில் கொட்டை எழுத்தில்: வருக கார்வர். எங்களைக் காப்பாற்றுங்கள்.

கதவு திறந்தது. பழைய தொப்பியோடு ஹாலிஸ் டன் இறங்கினார். பின்னால் இரண்டு பைகளையும் தூக்கிக்கொண்டு ரீட்.

கார்வரின் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துப் பையன் நன்றாகப் பந்து எறிகிறான். அடுத்த வருடம் கொக்குகளுக்கு வருவாயா என்று கேட்க, அவன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பேசப் போயிருக்கிறார்கள். அவ்வளவுதான். அடுத்த வருடம் தனக்கு வேலை இருக்குமா என்று தெரியாத மனிதர், அடுத்த வருடத்து அணிக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்.

நான் சொன்ன மௌனம் இதுதான். எவ்வளவு நேரம் நீடித்தது என்று எனக்குத் தெரியாது. டிரம்பெட் பாதியில் நின்றது. மற்றவர்கள் பிடித்திருந்த வரவேற்பு அட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. ஆர்டிஸுக்கு மட்டும் அட்டையை இறக்கத் தோன்றவில்லை. மருமகன் தன்னைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

5

ஹாலிஸ் நேராக வண்டிக்குப் போயிருக்கலாம். வேலிக்கு வந்தார். அட்டையை நிதானமாகப் படித்தார்.

“எழுத்து அழகா இருக்கே. யார் எழுதினது?”

“டுவேன்,” என்றாள் ஆர்டிஸ்.

“டயர் கடைப் பலகையும் நீதானே எழுதினே, டுவேன்? அதான் பார்த்த மாதிரி இருக்கு.”

டுவேன் தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இரண்டு பேர் சிரிக்க முயன்றார்கள்.

ரீட் பைகளைக் கீழே வைக்காமல், “ஆர்டிஸ்,” என்று மட்டும் சொன்னான். (மருமகன் மாமியாரைப் பெயர் சொல்லி அழைப்பதை எழுதக் கை தயங்குகிறது. இங்கே அதில் அவமரியாதை இல்லை. அன்றைக்கு அவன் அழைத்த விதத்தில் இருந்தது.)

ஹாலிஸ் திரும்பப் போகும்போது ஆர்டிஸ் கூப்பிட்டாள். “கோச். ஒண்ணு கேக்கணும். சனிக்கிழமை, ஒரு கஜம் பாக்கி. ஏன் உதைக்கச் சொன்னீங்க?”

பத்திரிகைக்காரர்களுக்கு அவர் ஏற்கெனவே பதில் சொல்லியிருந்தார். காற்று, தடுப்பு ஆட்டக்காரர்கள் மீதான நம்பிக்கை என்று ஏதேதோ. அதையே மறுபடி சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“பயந்துட்டேன், மிஸஸ் க்ரெய்ச்சி,” என்றார். “தற்காலிகமா இருக்கிறவன் ஒரு தடவை தோத்தா அதோட முடிஞ்சுது. நிரந்தரமா இருந்திருந்தா மோதச் சொல்லியிருப்பேன்.” கொஞ்சம் யோசித்தார். “சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன். எனக்கே அது தெரியாது.”

தொப்பியைச் சரிசெய்துகொண்டு போய்விட்டார்.

6

அன்று சாயங்காலம் மர்லீஸ் வந்தாள். ரீட் சொல்லியிருப்பான். கோட்டைக் கழற்றாமலே சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அட்டை தன்னுடையது இல்லை என்று ஆர்டிஸ் விளக்கத் தொடங்கினாள். டுவேன், போன், கை, படம். மர்லீஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

“அட்டையை விடும்மா. உன் மனசுல கார்வர்தானா?”

“எனக்குத் தெரியலடி.”

“தெரியாதவ எதுக்கு அங்க போய் நின்னே?”

அடுப்பில் எதுவோ கொதித்தது. அம்மாவும் மகளும் அதைப் பார்த்தார்கள், அணைக்க யாரும் எழவில்லை.

“ரீட் வேற வேலை தேடிக்குவான்,” என்றாள் மர்லீஸ் கடைசியில். “நான் கெஞ்ச வரல. எங்களுக்காக அந்த ஆளை வேணும்னு சொல்லாதே. எங்களுக்காகன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயந்து வேண்டாம்னும் சொல்லாதே. அதை என்னால தாங்க முடியாது.”

போகும்போது கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அறைந்து சாத்தியிருந்தால் ஆர்டிஸுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

7

வெள்ளிக்கிழமை காலைக்கு இரண்டு முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்று. ஆர்டிஸ் ‘ஹாலிஸ்’ என்கிறாள். அடுத்த பருவம், அதே மாதிரி ஒரு கஜம் பாக்கி. நிரந்தரமான ஹாலிஸ் மோதச் சொல்கிறார், பையன்கள் பாய்கிறார்கள், மைதானம் அதிர்கிறது. மடியில் பேரப்பிள்ளையோடு ஆர்டிஸ்

அல்லது, அவர் மறுபடியும் உதைக்கிறார். அவளைச் சுற்றி இருப்பவர்கள் ஒருவர் பின் ஒருவராகத் திரும்பி அவளைப் பார்க்கிறார்கள்.

இரண்டு. ‘வேண்டாம்’ என்கிறாள். கார்வர் வந்து கோப்பை வாங்குகிறார். ஊரே அவளைப் பாராட்டுகிறது. அடுத்த தெருவில் அந்த வீட்டுக்கு முன்னால் சாமான் ஏற்றும் வண்டி

அல்லது கார்வர் வந்து தோற்கிறார், வண்டியும் வந்து நிற்கிறது.

எல்லாமே நடக்கக்கூடியவைதான். நிஜத்தில் எது நடந்தது என்று எனக்குத் தெரியும், நீங்கள் தேடினாலும் தெரிந்துகொள்ளலாம். ஆனால் எதை எழுதினாலும் ஒரே விளைவுதான். அணி ஜெயித்தால் அவள் சரியாகச் சொன்னாள் என்பீர்கள், தோற்றால் தப்பாகச் சொன்னாள் என்பீர்கள். நழுவிய பந்தின் மேல் ஒரு பையன் போய் விழுந்ததை வைத்துத்தான் அந்த உதையைச் சாமர்த்தியம் என்று சொன்னோம். ரசிகர்களாகிய எங்களுக்கு வேறு விதமாகப் பார்க்கத் தெரியாது. அதனால் பலனை உங்களிடமிருந்து மறைக்கிறேன். அவளுக்கும் அப்போது அது தெரியாதே.

அவளுக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் இப்போது தெரியும். பயந்ததை ஒளிக்காமல் சொன்ன ஒரு மனிதர். அந்தப் பயம் அவருடையதா, அவர் உட்கார்ந்திருக்கும் நாற்காலியுடையதா என்பதை நாற்காலியைக் கொடுத்துப் பார்த்தால்தான் அறிய முடியும், கொடுத்த பிறகு பிடுங்குவது கஷ்டம். இரண்டு பக்கமும் கதவை அடைத்துவிட்டுப் போன ஒரு மகள்.

சமையலறையில் போன் அடிக்கிறது. ஆர்டிஸ் எடுக்கிறாள்.

“சொல்லு, ஆர்டிஸ்,” என்கிறாள் பெவர்லி. “ஒரே வார்த்தை போதும்.”

ஆர்டிஸ் மூச்சை இழுத்துக்கொள்கிறாள். அந்த மூச்சு வரைக்கும்தான் எனக்கு அவளைத் தெரியும். வார்த்தையை நீங்கள் கொடுங்கள். கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் அவளோடு அந்தச் சமையலறையிலேயே உட்கார்ந்திருங்கள். உடனே எழுந்து போய்விடாதீர்கள்.