வெறுங்கையோடு சிங்கப்பூர்

கார்த்திகை மாதம் பிறந்ததும் சிவராமகிருஷ்ணன் மறுபடியும் பரண்மேலிருந்து பெட்டியை இறக்கித் தூசி தட்டினார். அதைப் பார்த்ததுமே மனைவி கமலாக்ஷிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இப்போ எங்கேயாக்கும்?"

"சிங்கப்பூர்."

"அங்கே என்ன வேலை?"

"வேலை ஒண்ணும் இல்லை. போயிட்டுத் திரும்பணும், அவ்வளவுதான்."

இந்த ஒரு பதிலைக் கேட்டுக் கேட்டே அந்த எண்பத்தேழாம் வருஷம் முழுவதும் அவளுக்குத் தலைவலி.

மலையாளக் கரையில், மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் சிவராமகிருஷ்ணன் மானேஜர். சில வருஷங்களாக வெளிநாட்டு வியாபாரிகளைப் பார்த்துப் பேச முதலாளி அவரைத்தான் அனுப்பிக்கொண்டிருந்தார். போய்ப் போய் வந்ததில், மெட்ராஸிலிருந்து பறக்கிற ஒரு வெளிநாட்டு விமானக் கம்பெனி அவருக்கு ஒரு தங்க நிற அட்டையைக் கொடுத்துவிட்டது. அது இருந்தால் வரிசையில் நிற்க வேண்டாம். விமானம் ஏறும்வரை தனி அறையில் மெத்தை நாற்காலியில் உட்காரலாம். இறங்கினதும் பெட்டி முதலில் வரும். அந்த அட்டையை அவர் சட்டைப் பையில், நெஞ்சோடு ஒட்டி வைத்திருந்தார்.

இந்த நிலையில் முதலாளியின் மருமகன் கம்பெனிக்குள் வந்து சேர்ந்தான். வெளிநாட்டுப் பயணமெல்லாம் அவனுக்குப் போயிற்று. சிவராமகிருஷ்ணனுக்குக் கிடங்கும் மூட்டைகளும் மிஞ்சின. அட்டைக்கு ஒரு சட்டம் உண்டு. ஒரு வருஷத்துக்குள் இத்தனை தடவை பறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் டிசம்பர் முடிந்ததும் தங்கம் போய் எல்லோருக்கும் கொடுக்கிற நீல அட்டை வரும். கம்பெனி அனுப்பாவிட்டால் என்ன, சொந்தக் காசில் நானே போகிறேன் என்று அவர் கிளம்பிவிட்டார்.

மட்டாஞ்சேரி ஜெட்டியில் படகு ஏறி, விமான நிலையம் இருக்கிற ஐலண்டில் இறங்குவார். அங்கிருந்து மெட்ராஸுக்கு விமானம். மெட்ராஸிலிருந்து சிங்கப்பூர். அந்த விமான நிலையத்துக்குள்ளேயே சில மணி நேரம் உட்கார்ந்துவிட்டு அடுத்த விமானத்தில் திரும்பி வருவார். ஊருக்குள் காலே வைப்பதில்லை.

"சிங்கப்பூர்ல என்ன பார்த்தேள்?" என்று முதல் தடவை கமலாக்ஷி ஆசையாய்க் கேட்டாள்.

"கார்ப்பெட்டை மாத்தியிருக்கான். பச்சையா இருந்தது, இப்போ சிவப்பு."

"ஒரு செண்ட் பாட்டில்? ஒரு டார்ச் லைட்? பக்கத்தாத்து ஜோஸப் துபாய்லேர்ந்து வரச்சே ஒரு வண்டி சாமான் கொண்டு வரான்."

"சாமான் கொண்டு வந்தா கஸ்டம்ஸ்ல வரிசையில நிக்கணும். வரிசையில நிக்காம இருக்கத்தானே அட்டை!"

சுவரில் போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு.

ஆவணியில் பாலக்காட்டுப் பக்கம் கல்பாத்தியில், அவள் பிறந்தகத்தில், தம்பி பிள்ளைக்குப் பூணூல். அன்றைக்கும் சிவராமகிருஷ்ணன் ஆகாயத்தில்தான் இருந்தார். கமலாக்ஷி தனியாகப் பஸ்ஸில் போய் இறங்கி, கேட்டவர்களுக்கெல்லாம் "ஆபீஸ் ஜோலி" என்று பொய் சொன்னாள். "கொடுத்து வெச்சவர், லோகமெல்லாம் சுத்தறார்" என்று சம்பந்தி மாமி ஒருத்தி பெருமூச்சு விட்டாள். கமலாக்ஷி பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்துவைத்தாள்.

இப்போது கார்த்திகையிலும் போய்விட்டார். அவர் திரும்பி வர வேண்டிய நாளன்று காலையில், சந்துக்குள் நுழைய முடியாமல் நுழைந்து ஒரு ஜீப் வாசலில் நின்றது. சுங்க இலாகாவிலிருந்து ஒரு அதிகாரியும், கூட ஒரு பெண்ணும் இறங்கினார்கள்.

"நமஸ்காரம் மாமி. நான் வெங்கடேஸ்வரன். இவா அம்மிணி. ஆத்தைச் சோதனை போடணும், ஆர்டர் இருக்கு" என்றார் அதிகாரி. மரியாதையான மனிதர்தான். பேச்சிலேயே பாலக்காடு தெரிந்தது. நாளைக்குள் கல்பாத்தி முழுவதும் தெரிந்துவிடும் என்று கமலாக்ஷி பயந்தாள்.

"என்னத்துக்கு சோதனை? நாங்க என்ன பண்ணினோம்?"

"உங்காத்து மாமா அடிக்கடி சிங்கப்பூர் போறார். போன கையோட திரும்பறார். எதுக்குப் போறார்?"

"ஒரு அட்டைக்காக" என்றாள். சொல்லும்போதே அது எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கிறது என்று அவளுக்கே தெரிந்தது.

"சேச்சி, சத்தியம் பறயணும்" என்றாள் அம்மிணி, மலையாளம் கலந்த தமிழில். "அட்டைக்கு வேண்டி ஆராவது சிங்கப்பூர் போகுமோ?"

"சத்தியமா அதுக்குத்தான். சோப்புகூட வாங்கிண்டு வரதில்லை!"

"அதுதான் மாமி எங்களுக்குச் சந்தேகம்" என்றார் வெங்கடேஸ்வரன். "எல்லாரும் டேப் ரிக்கார்டர், புடவைன்னு அள்ளிண்டு வரா. இவர் ஒருத்தர்தான் ஒண்ணுமே இல்லாம வரார். அப்போ கண்ணுக்குத் தெரியாம ஏதோ வரது, இல்லையா?"

"உங்களுக்குச் சந்தேகம். எனக்கு எரிச்சல். அவ்வளவுதான் வித்தியாசம்!"

அரிசி டின்னைக் கவிழ்த்தார்கள். மெத்தையை உதறினார்கள். பூஜை அலமாரியில் சாளக்கிராமத்துக்குப் பின்னால்கூட டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டு ஜோஸப்பின் அம்மா மூக்கில் விரலை வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் சிவராமகிருஷ்ணனின் பீரோவில் ஒரு துணிப்பை அகப்பட்டது. அம்மிணி அதை ஜாக்கிரதையாக மேஜைமேல் கொட்டினாள். விமானத்தில் கொடுக்கிற குட்டிக் குட்டி உப்புப் பொட்டலம், மிளகுப் பொட்டலம், கண்ணை மூடிக்கொள்கிற கறுப்புத் துணி, ஒரு ஜோடி காலுறை.

வெங்கடேஸ்வரன் ஒரு மிளகுப் பொட்டலத்தை எடுத்து முகர்ந்து பார்த்தார். "மட்டாஞ்சேரிக்கு மிளகு இறக்குமதி பண்ற ஒரே ஆள் இவர்தான்" என்று வாய்விட்டுச் சிரித்தார். அம்மிணியும் சிரித்தாள். கமலாக்ஷிக்கு அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்துச் சிவராமகிருஷ்ணன் ஜெட்டியிலிருந்து நடந்து வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் பயப்படவில்லை. சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து, கல்யாணப் பத்திரிகை கொடுப்பதுபோல் நீட்டினார்.

அதிகாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மாமா, நிஜமாவே இதுக்குத்தானா? மெத்தை நாற்காலிக்கா?"

சிவராமகிருஷ்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"முப்பது வருஷமா எங்க முதலாளி என்னை 'எடோ சாமி'ன்னு, அடே போட்டுத்தான் கூப்பிடறார், பேர் சொன்னதே இல்லை. அவரோட மருமகன், நேத்திக்கு வந்தவன், அவனும் 'எடோ சாமி'தான். அந்த சிங்கப்பூர் கவுண்டர்ல இருக்கிற பொண்ணு, அட்டையைப் பார்த்துட்டு, 'வெல்கம் மிஸ்டர் சிவராமகிருஷ்ணன்'கிறா. சீனாக்காரி. அந்த வாயில அந்தப் பேர் நுழையறதே கஷ்டம். ஆனாலும் ஒரு எழுத்து விடாம சொல்றா."

கமலாக்ஷிக்குப் பாவமாக இருந்தது. கூடவே கோபமும் வந்தது. இதை ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதோ? கார்ப்பெட் நிறத்தைச் சொல்லத் தெரிந்ததே!

வெங்கடேஸ்வரன் அட்டையைத் திருப்பிக் கொடுத்தார். "மாமா, நான் நம்பறேன். பாஸ்போர்ட்டை விசாரணைக்கு எடுத்துண்டு போகலாம்னு வந்தேன். மாமி, இதெல்லாம் நிஜம்னு நீங்க ஒரு வார்த்தை எழுதிக் கொடுத்தேள்னா இங்கேயே வெச்சுட்டுப் போயிடறேன். இல்லேன்னா அது திரும்பி வரப் புது வருஷம் பிறந்துடும்."

"எழுதிக் கொடு கமலா" என்றார் சிவராமகிருஷ்ணன் அவசரமாக. "இன்னும் ஒரே ஒரு தடவை போகணும். அதோட இந்த வருஷக் கணக்கு முடிஞ்சது."

இன்னும் ஒரு தடவை! வீடு இறைந்து கிடக்கிறது, அரிசி கூடம் முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, வாசலில் ஊர் கூடி நிற்கிறது. இந்த மனுஷனுக்கு இன்னும் ஒரு தடவை!

"இவர் சொன்னதெல்லாம் நிஜம்தான்" என்றாள் கமலாக்ஷி அதிகாரியிடம். "ஆனா பாஸ்போர்ட்டை நீங்க எடுத்துண்டே போங்கோ. ஜனவரியில தந்தாப் போறும்."

ஜீப் போன பிறகு சிவராமகிருஷ்ணன் அவளோடு பேசவில்லை. மார்கழி முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். பஜார் ரோட்டில் கதை வேறு மாதிரி வளர்ந்திருந்தது. தங்க பிஸ்கட் பிடிபட்டது என்றார்கள் சிலர், வைரம் என்றார்கள் சிலர். கள்ளக்கடத்தல்காரர்களுக்குச் சாமான் சுமக்கிறவனைக் 'குருவி' என்பார்களே, அவருக்கும் அந்தப் பெயர் விழுந்தது. கமலாக்ஷி எதற்கும் அசையவில்லை. திட்டினால் திட்டிவிட்டுப் போகட்டும் என்றால், அவர் திட்டவும் இல்லை. அதுதான் அவளை இன்னும் படுத்தியது.

ஜனவரியில் பாஸ்போர்ட் வந்தது. அதே வாரம் நீல அட்டையும் தபாலில் வந்தது. அவர் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனார். சாயங்காலம் வந்து அடுக்களை வாசலில் நின்றார்.

"முதலாளிகிட்ட இன்னிக்குச் சொல்லிட்டேன். என் பேர் சிவராமகிருஷ்ணன், சாமி இல்லைன்னு."

கமலாக்ஷி கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன சொன்னார்?"

"ரெண்டு தடவை சொல்லிப் பார்த்தார். சிவராம... சிவகிருஷ்... அப்புறம், 'எடோ சாமி, ஈ பேரு ரொம்ப நீளமாணல்லோ. சாயா குடிச்சோ?'ன்னு கேட்டார்."

கமலாக்ஷிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டார். ஒரு மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு பிறந்தது. அடுக்களையிலேயே உட்கார்ந்து அவர் காப்பி குடித்தார். முதலாளி முழித்த முழியை மறுபடியும் நடித்துக் காட்டினார். இத்தனை வருஷத்தில் அவர் ஆபீஸ் கதையை இப்படிச் சொன்னதே இல்லை.

டம்ளரைக் கீழே வைத்தவர், மெதுவாக ஆரம்பித்தார்.

"கமலா, ஒரே ஒரு பயணம்தானே குறைஞ்சது? கஸ்டம்ஸ் பாஸ்போர்ட்டைப் பிடிச்சு வெச்சதுதான் காரணம்னு எழுதிக் கேட்டா, தங்க அட்டையைத் திருப்பித் தருவானோ?"

கமலாக்ஷி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"எழுதுங்கோ. பிடிச்சு வெக்கச் சொன்னது உங்க ஆத்துக்காரிதான்னு, அதையும் மறக்காம எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு, அடுப்பிலிருந்த குழம்பை இறக்கப் போனாள்.