எலியேசரின் முகம்

"நல்லாப் பாத்துக்கடி. இனிமே கெடைக்காது" என்று உபால்தினா அத்தை, நூரிஸின் பிடரியைப் பிடித்துச் சவப்பெட்டியின் மேல் குனிய வைத்தாள்.

நூரிஸ் பார்த்தாள். பழுப்பாகச் சில, வெள்ளையாகச் சில, ஓரத்தில் ஊதாத் திட்டு. இதில் எது பூ, எது சட்டை, எது அப்பா என்று பிடிபடவில்லை. பிறக்கும்போதே கண்புரையோடு பிறந்தவள். கல்யாண வயதும் தாண்டிய பிறகு, போன மழைக்காலத்தில்தான் பாரன்கியா நகரத்தில் அறுவை செய்தார்கள். வெளிச்சம் கொட்டோ கொட்டென்று கொட்டியது. வந்து விழுந்ததெல்லாம் இப்படித் திட்டுத் திட்டாகத்தான்.

அப்பா எலியேசர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. ஆற்றிலிருந்து திரும்பியதும் வலையைப் போட்டுவிட்டு, எந்நேரமும் முகத்தை மறைக்கும் தொப்பியைக் கழற்றி, தலை வாரி, போட்டோவுக்கு உட்காருகிறவர்போல மகள் முன்னால் விறைப்பாக உட்காருவார். மூச்சைக்கூட அடக்கிக்கொள்வார். அசைந்தால் பிள்ளைக்குச் சிரமம் என்று நினைப்பு.

"தெரியுதா?"

"தெரியுதுப்பா. ஆளு அழகாத்தான் இருக்கீங்க."

பொய். ஒருநாளும் தெரிந்ததில்லை.

நேற்றுப் பாரன்கியாவில் டாக்டரம்மாதான் விஷயத்தை உடைத்தாள். "எது எதோட சேர்ந்ததுன்னு பிரிச்சுப் பாக்க மூளை கைக்குழந்தையிலேயே பழகிக்கும். உன் மூளைக்கு அப்போ ஒண்ணும் வந்து சேரல. ஆனா அசையறதைப் பிடிச்சுக்கும். ஒண்ணா நகர்றதெல்லாம் ஒரே பொருள்னு அதுக்குப் புரியும்."

அட, ஆமாம்! சும்மா நிற்கிற கோழி அவளுக்கு ஒன்றுமே இல்லை. கொத்த ஆரம்பித்தால்தான் கோழி. இன்று காலை பஸ்ஸில் வழி நெடுகச் சிரித்துக்கொண்டே வந்தாள். போனதும் முதல் வேலை, தலையை ஆட்டுங்கப்பா என்று சொல்ல வேண்டும். இறங்கியபோது தம்பி டைரோ நின்றிருந்தான். விடியலில் படகிலேயே அப்பாவுக்கு நெஞ்சு அடைத்துவிட்டது என்றான்.

"இவளுக்குக் கண்ணைத் தொறந்துவிட்ட மனுஷன். ஒரு சொட்டுத் தண்ணி வருதா பாரு அந்தக் கண்ணுல" என்று அத்தை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். மூடியோடு இரண்டு பேர் நெருங்கி வந்தார்கள்.

"டைரோ" என்றாள் நூரிஸ். "அப்பாவை ஆட்டு."

"என்னக்கா?"

"தோளுக்கடியில கை குடுத்து மெல்லப் புரட்டி ஆட்டு. அசைஞ்சாத்தான் எனக்குத் தெரியும். நான் அப்பா முகத்தைப் பாத்ததே இல்லடா."

காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நிறுத்தினார்கள். அத்தை சிலுவை போட்டுக்கொண்டாள். "பொணத்தை ஆட்டறதாவது! புத்தி கெட்டுப்போச்சா?"

"டோமினோ ஆட உக்காந்தா உசுரோட இருக்கறப்பவே அவரை அசைக்க முடியாது" என்று முற்றத்திலிருந்து ஒருவர் முணுமுணுத்தார்.

டைரோ பூக்களை ஒதுக்கிவிட்டுக் கையை உள்ளே விட்டான். உடம்பு விறைத்திருந்தது. மெல்ல இந்தப் பக்கம், மெல்ல அந்தப் பக்கம்.

பெட்டியில் விரித்த வெள்ளைத் துணி இருந்த இடத்திலேயே இருந்தது. பழுப்புத் திட்டுகள் மட்டும் ஒன்றாகச் சாய்ந்தன, ஒன்றாகத் திரும்பின. நடுவில் மூக்கு எழுந்து வந்தது. அதைத் தொட்டுக் கன்னங்கள். இரண்டு கோடுகள் மூடிய கண்களாயின, கீழே உதடு. கண் முன்னால், ஒன்றுமில்லாத இடத்திலிருந்து, ஒரு மனிதர் வந்துவிட்டார். இவ்வளவும் இத்தனை நாள் அவள் எதிரிலேயே, மூச்சை அடக்கிக்கொண்டு, உட்கார்ந்திருந்திருக்கிறது.

"அப்பா" என்றாள். "நெசமாவே அழகுதான்."

டைரோவால் முடியவில்லை, விம்மியபடி கையை எடுத்தான். முகம் உடனே கலைந்து திட்டுகளாகிவிட்டது. அவள் கையை நீட்டித் துழாவினாள்.

"ஏன்டா நிறுத்துன?" என்று அதட்டினாள் உபால்தினா அத்தை. ஜெபமாலையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, அண்ணனின் மறு தோளுக்கடியில் கையை நுழைத்தாள்.

மூடியைத் தூக்கி வந்தவர்கள் அதைச் சுவரோரமாகச் சாய்த்து வைத்தார்கள்.